கொல்லையில் முளைத்த அறை

ஒரு கடலோரக் கிராமத்தில் வீட்டோடு வீடாகத் தங்கி, வீட்டார் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்கள் படுக்கும் நேரத்தில் படுத்து, ஊர் ஊராகப் பறக்காமல் ஒரே இடத்தில் ஒரு மாதம் கிடப்பதற்கு இன்று நல்ல விலை இருக்கிறது. நிதானப் பயணம், உள்ளூர் வாழ்க்கை என்றெல்லாம் பெயர் வைத்து விற்கிறார்கள். பண்பாட்டின் மேல் அக்கறை கொண்ட யாரோ ஒரு பெரியவர் உட்கார்ந்து யோசித்த முறை இது என்ற நினைப்பு வாங்குகிறவர்களுக்கு. இந்தச் சரக்குக்குப் பிறந்த வீடுகள் பல உண்டு. அவற்றில் தடயம் அழியாமல் பின்தொடர முடிகிற ஒன்று பாலித் தீவின் குட்டா கிராமத்தில் இருக்கிறது. அந்தக் கதையில் பெரியவர் யாரும் வருவதில்லை. கையில் காசில்லாத வெள்ளைக்காரப் பையன்கள், அவர்களைவிடக் காசில்லாத ஒரு கிராமம், அந்தக் கிராமத்தைத் திட்டத்தில் சேர்க்காமல் விட்ட அரசாங்கம், இவ்வளவுதான்.

முதலில் குட்டா ஏன் ஏழைக் கிராமமாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பாலியில் செல்வம் என்றால் நெல். எரிமலைச் சரிவுகளில் படிப்படியாக இறங்கும் வயல், அதற்கு நீர் பங்கிட சுபாக் என்ற உழவர் சபை, எல்லாம் உள்நாட்டில்தான். குட்டாவில் இருந்தது மணல். தென்னை வளரும், மாடு மேயும், பக்கத்துக்கு ஒரு மிதவைக் கட்டை வைத்த ஜூகுங் படகில் போய்க் கொஞ்சம் மீன் பிடிக்கலாம். போதாக்குறைக்குத் திசையும் சரியில்லை. பாலி மக்களுக்கு மலைப்பக்கம் தெய்வத்தின் பக்கம், கடல்பக்கம் தாழ்ந்தது. வீடு கட்டுவது, கோயில் கட்டுவது, தலை வைத்துப் படுப்பது வரை இந்தக் கணக்கு உண்டு. சொத்துப் பிரிக்கும்போது கடலோரத் துண்டு யாருக்கு விழுந்ததோ அவர்தான் ஏமாந்தவர் என்று அங்கே சொல்வார்கள். பிற்பாடு அந்த ஏமாந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்பது வேறு கதை.

குட்டாவுக்கு ஒரு காலத்தில் வெளியுலகம் தெரிந்திருந்தது. 1839 முதல் 1856 வரை மாட்ஸ் லாங்கே என்ற டென்மார்க் வணிகர் அங்கே கிடங்கு வைத்து அரிசியும் மாடும் கப்பலேற்றினார். டச்சுக்காரர்களுக்கும் பாலி அரசர்களுக்கும் நடுவில் தூது போனார். அங்கேயே இறந்தார், அவர் கல்லறை இன்னும் குட்டாவில் இருக்கிறது. அதற்குப் பிறகு நெடுங்காலம் அந்த ஊரை யாரும் தேடிப் போகவில்லை.

பாலிக்குச் சுற்றுலா வந்தது ரத்தம் காய்வதற்குள். 1906ல் டச்சுப் படை தென்பாலியில் இறங்கியபோது பாதுங் அரச குடும்பமும் பரிவாரமும் வெள்ளை உடுத்தி, நகைகள் அணிந்து, துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்து வந்து மடிந்தார்கள். 1908ல் குளுங்குங்கிலும் அதே நடந்தது. ஐரோப்பாவில் தலைகுனிவு. அதைத் துடைக்க டச்சு அரசு பாலியை உயிருள்ள அருங்காட்சியகமாகப் பாதுகாக்கிறோம் என்று சொல்லிக்கொண்டது. 1924ல் வாராவாரம் நீராவிக் கப்பல். 1928ல் தென்பசாரில் பாலி ஹோட்டல். பாதுங் அரச குடும்பம் மடிந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம். பயணிகள் கப்பலில் இறங்குவார்கள், காரில் தீவைச் சுற்றுவார்கள், மாலையில் நடனம் பார்ப்பார்கள், அடுத்த கப்பலைப் பிடிப்பார்கள். அவசரம் என்பது விமானம் வந்த பிறகு வந்த வியாதி இல்லை என்பதற்கு இது ஒரு சாட்சி.

அந்த நாளிலும் நிதானமாக இருந்தவர்கள் உண்டு. ஜெர்மன் ஓவியர் வால்டர் ஷ்பீஸ் 1927ல் உபுட் போய்ச் சேர்ந்து அங்கேயே வீடு கட்டிக்கொண்டார். மெக்சிகோ ஓவியர் மிகேல் கோவருபியாஸ் 1930ல் மனைவியோடு வந்து, தென்பசாரில் ஒரு பாலிக் குடும்பத்தின் வளவில் தங்கி, பார்த்ததையெல்லாம் 1937ல் ஒரு தடித்த புத்தகமாக்கினார். அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் பாதி உலகம் பாலிக்கு ஆசைப்பட்டது. ஆனால் இவர்கள் கலைஞர்கள், பிரமுகர்களின் விருந்தாளிகள். நீங்களும் நானும் போய்க் கதவைத் தட்டி அறை கேட்க முடியாது.

குட்டா கடற்கரையில் முதலில் கூரை வேய்ந்தவர்கள் அமெரிக்கர்களான ராபர்ட் கோக்கும் லூயிஸும். ராபர்ட் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் படநிறுவனத்தில் வேலை பார்த்தவர், லூயிஸ் ஓவியர். 1936ல் ஓலைக் குடிசைகளாகவே ஒரு விடுதி கட்டினார்கள். கூட்டுச் சேர்ந்த ஸ்காட்லாந்துப் பெண்மணியோடு சண்டை வந்து, அவர் பக்கத்திலேயே போட்டி விடுதி வைத்தார். (கெத்துத் தந்திரி என்று பெயர் வைத்துக்கொண்ட அந்த அம்மாள் பின்னால் இந்தோனேசிய விடுதலைக்காக வானொலியில் முழங்கியவர், அவருக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.) குடிசையில் விருந்தாளியை வைப்பதா என்று டச்சுக்காரர்கள் ஏளனம் செய்தார்கள். ஆள் வந்துகொண்டுதான் இருந்தது. கோக் ஹவாயிலிருந்து அலைச்சறுக்குப் பலகையும் கொண்டுவந்தார். 1942ல் ஜப்பான் படை வந்ததும் இருவரும் தப்பிப் போனார்கள். விடுதி தடம் தெரியாமல் போயிற்று. இதையே முதல் உள்ளூர் விடுதி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே ஓலை மட்டும்தான் உள்ளூர். கல்லாப் பெட்டி அமெரிக்கர் கையில், பாலிக்காரர்கள் வேலையாட்கள்.

அடுத்த கால் நூற்றாண்டில் பாலி பட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், படித்தவர்களுக்கே நெஞ்சு கனக்கும். போர், விடுதலைப் போராட்டம், 1963ல் ஆகுங் எரிமலை வெடிப்பு, 1965–66ல் கம்யூனிஸ்டுகள் என்று பெயர் சொல்லி நடந்த படுகொலைகள். பாலியில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. அந்தக் குழிகள் மூடும்போதே, 1966ல், சனூர் கடற்கரையில் பத்து மாடி பாலி பீச் ஹோட்டல் திறக்கப்பட்டது. அதிபர் சுகர்ணோவின் ஆசை. ஜப்பான் கொடுத்த போர் இழப்பீட்டுப் பணம். தென்னைக்கு மேல் அது எழுந்து நின்றதைப் பார்த்து ஊர் முகம் சுளித்ததும், இனி தென்னை உயரத்தைத் தாண்டி, அதாவது 15 மீட்டருக்கு மேல், யாரும் கட்டக் கூடாது என்று விதி வந்ததும் பலருக்குத் தெரிந்த செய்தி. 1969ல் அடுத்த அதிபர் சுகர்த்தோ பன்னாட்டு விமான நிலையத்தைத் திறந்துவைத்தார். ஓடுபாதை குட்டாவுக்குத் தெற்கே, நடந்து போகும் தூரத்தில்.

பெரிய விமானம் இறங்கும், ஆட்கள் வருவார்கள், அவர்களை எங்கே வைப்பது? உலக வங்கி வழியாக ஒரு பிரெஞ்சு ஆலோசனை நிறுவனத்திடம் கேட்டார்கள். 1971ல் அறிக்கை வந்தது. நல்ல மூளைக்காரர்கள் எழுதியது என்பதில் சந்தேகமில்லை. சுற்றுலா பாலிப் பண்பாட்டைக் கெடுத்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு நிஜமாகவே இருந்தது. ஆகவே, தீவின் தென்முனையில் விளைச்சலில்லாத, குடியிருப்பு குறைந்த நூசா துவாவில் சொகுசு ஹோட்டல்களைக் கூட்டமாகக் கட்டுவோம். பயணிகளை அங்கே வைத்து, பகலில் பேருந்தில் கூட்டிப்போய்க் கோயிலும் நடனமும் காட்டி, இரவில் திருப்பிக் கொண்டுவந்து விடுவோம் என்றார்கள். பாலிக்காரர்களைக் கேட்கவில்லை. அறிக்கை வந்த அதே ஆண்டு தென்பசாரில் ஒரு கருத்தரங்கு கூட்டி, வரப்போவது பண்பாட்டுச் சுற்றுலாவாக இருக்கட்டும் என்று தீர்மானம் போட்டதுதான் அவர்களால் முடிந்தது. நிலம் எடுத்து, சாலை போட்டு, கடன் வாங்கி, நூசா துவாவின் முதல் பெரிய ஹோட்டல் திறந்தது 1983ல். விமானம் 1969ல் வந்துவிட்டது. நடுவில் கிடந்த இந்தப் 14 ஆண்டு இடைவெளியில்தான் நம்முடைய சரக்கு பிறந்தது.

தோளில் பையோடு வந்து இறங்கியவர்கள் யார்? ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், இந்தியா என்று தரைவழியாக ஆஸ்திரேலியாவை நோக்கி நகர்ந்த ஒரு தலைமுறை. காபூல், காத்மாண்டு, குட்டா என்று மூன்று ஊர்ப் பெயரை மந்திரம்போல் சொல்வார்கள். டோனி வீலர், மோரீன் என்ற தம்பதியும் 1972ல் அந்த வழியில் பாலியைக் கடந்து ஆஸ்திரேலியா போனவர்கள்தான். லோன்லி பிளானட் வழிகாட்டிகளைத் தொடங்கியவர்கள், 1975ல் தென்கிழக்கு ஆசியாவைக் குறைந்த செலவில் சுற்ற வழி சொல்லும் நூலைக் கொண்டுவந்தார்கள். இன்னொரு கூட்டம் ஆஸ்திரேலியாவிலிருந்து எதிர்த்திசையில் வந்தது. அலைச்சறுக்குப் பையன்கள். 1972ல் வெளிவந்த ஒரு ஆஸ்திரேலியப் படம் உலுவாத்து கோயில் பாறைக்குக் கீழே சுருண்டு எழும் அலையைக் காட்டிற்று. பலகையைத் தூக்கிக்கொண்டு ஆள் புறப்பட்டுவிட்டது.

இவர்கள் ஏன் மெதுவாக இருந்தார்கள் என்று கேட்டால் காரணம் ரொம்பச் சாதாரணம். தரைவழியில் வந்தவர்களுக்கு அடுத்த ஊருக்குப் போகக் காசு சேர வேண்டும், இல்லையேல் வீட்டிலிருந்து பணம் வர வேண்டும். சறுக்குகிறவர்களுக்கு அலை வர வேண்டும். ஏறக்குறைய ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். மேற்குக் கரையில் அலை ஒழுங்காக எழும். ஆனால் எந்த நாளில் பெரிய அலை வரும் என்பது இந்தியப் பெருங்கடலின் தெற்கே எங்கோ அடிக்கும் புயலைப் பொறுத்தது. வரும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உட்கார இடம் வேண்டும், வாடகை சொற்பமாக இருக்க வேண்டும். சனூர் ஹோட்டலுக்கு இவர்களால் கட்டுப்படியாகாது. அரசாங்கத்துக்கோ இந்த நீளமுடிக்காரர்களைக் கண்டாலே ஆகாது. ஆகவே குட்டாவில் போய் வீடுகளில் இடம் கேட்டார்கள்.

வீடு என்றால் எப்படிப்பட்டது? பாலி வீடு ஒரே கட்டடம் இல்லை. நான்கு பக்கமும் மதில், உள்ளே தனித்தனி மண்டபங்கள். வாசலில் நுழைந்ததும் முகத்துக்கு நேரே ஒரு குட்டைச் சுவர் மறிக்கும். பேய்கள் நேர்கோட்டில்தான் ஓடும், திரும்பத் தெரியாது என்பது கணக்கு. சுவரைச் சுற்றிப் போனால் முற்றம். மலையும் சூரியோதயமும் சேரும் மூலையில் குலதெய்வக் கோயில். கிழக்கு மண்டபம் கல்யாணம், பல் அராவும் சடங்கு, சாவு ஆகியவற்றுக்கு. கடல்பக்கம் அடுக்களை. அதற்கும் பின்னால், தாழ்ந்த திசையின் கடைசியில், தெபா என்ற கொல்லை: பன்றிக் கொட்டில், குப்பைமேடு, நாலு தென்னை, வாழை.

வெளியாளை எங்கே படுக்க வைப்பது? கோயில் மூலைக்குப் பக்கத்தில் கூடாது. சாவுக்கும் கல்யாணத்துக்கும் உரிய மண்டபம் எந்த நேரத்திலும் தேவைப்படலாம். பல வீடுகளில் பதில் கொல்லையாக இருந்தது. பன்றியைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிவிட்டு, செங்கல்லில் வரிசையாக மூன்று நான்கு அறைகள் எழுப்பினார்கள். அறைக்குள் கட்டில், கொசுவலை, ஒரு விளக்கு. குளிக்கத் தொட்டித் தண்ணீரும் ஒரு குவளையும். நமக்குப் பழக்கம், ஜெர்மன் பையன்கள் தொட்டிக்குள்ளேயே இறங்கிவிடுவார்கள். அறைக்கு முன்னால் ஒரு திண்ணை, அதில் இரண்டு மூங்கில் நாற்காலி, ஒரு சின்ன மேசை, மேசைமேல் தேநீர்க் கூஜா. காலையில் வாழைப்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய கறுப்பரிசிக் கஞ்சியும். இதற்கு லோஸ்மென் என்று பெயர். பெயர்ப்பலகையில் வீட்டுக்காரர் பெயரே இருக்கும். பிறந்த வரிசைப்படி வாயன், மடே, ஞோமான், கெத்துத் என்ற நான்கு பெயருக்குள் ஊரே அடங்கிவிடுவதால், தபால்காரரின் பாடு திண்டாட்டம்.

இந்த விடுதியின் உயிர் அந்தத் திண்ணையில் இருந்தது என்பேன். அறை இருட்டு, புழுக்கம். பகலில் உள்ளே இருக்க முடியாது. திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே முழுக் குடித்தனம். விடிகாலையில் வீட்டம்மா காலை மடக்கி உட்கார்ந்து தென்னங்குருத்தை நறுக்குவார். மூங்கில் சிம்பைக் குத்திக் குத்தி உள்ளங்கையளவு தட்டு பின்னுவார். அதில் கிழக்கே வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலமோ பச்சையோ. மேலே ஒரு சிட்டிகைச் சோறு, ஒரு ஊதுபத்தி. ஒன்றிரண்டு போதாது, கோயிலுக்கு, வாசலுக்கு, அடுப்புக்கு, கிணற்றுக்கு, இப்போது கொல்லை அறைகளுக்கும். தீர்த்தம் தெளித்துவிட்டு அவர் அடுத்த தட்டுக்கு நகர்ந்ததும் கோழி வந்து சோற்றைக் கொத்தும், யாரும் விரட்டுவதில்லை. இதை யாரும் பயணிக்காக நடத்தவில்லை, சீட்டுக் கிழிக்கவில்லை. நூசா துவா திட்டத்தில் பேருந்து ஏறிப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது இங்கே தேநீர் ஆறுவதற்குள் நடந்து முடிந்தது. குழந்தைகளும் எதிர்த்திண்ணையில் உட்கார்ந்து, இந்தத் தாடிக்காரர் பல் விளக்கும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டின் நாள்காட்டிதான் விருந்தாளிக்கும் நாள்காட்டி. 210 நாளுக்கு ஒருமுறை ஊர்க்கோயில் திருவிழா வரும். அன்று கஞ்சி கிடைக்காது, கூஜா காலியாக இருக்கும். தெருவில் யாராவது இறந்துவிட்டால் பஞ்சாரின், அதாவது தெருச் சபையின், மரமுரசு ஒலிக்கும், வீட்டு ஆண்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். ஞெப்பி என்ற மௌன நாளில் தீ மூட்டக் கூடாது, வேலை செய்யக் கூடாது, வெளியே போகக் கூடாது, கேளிக்கை கூடாது. விருந்தாளியும் அறைக்குள்தான். இந்த ஒன்று மட்டும் இன்றுவரை தேயவில்லை. அன்றைக்கு விமான நிலையமே 24 மணி நேரம் மூடிக் கிடக்கிறது.

பணம் நேராக வீட்டுக்கு வந்தது என்பதே பெரிய விஷயம். பெண்களின் கைக்கும் வந்தது. சோற்றுக்கடை போட்டவர்களில் பலர் அவர்கள்தான். 1969ல் குட்டாவில் பெட்டிக்கடையாகத் தொடங்கிய மடேஸ் வாருங் இன்று பெரிய உணவகம். ஆனால் தட்டுப் பின்னுவது, பன்றிக்கு வைப்பது, சடங்குச் சமையல் எதுவும் குறையாமல், அதற்கு மேல் நாலு அறைத் துணி துவைப்பதும் கஞ்சி வைப்பதும் அதே பெண்கள் தலையில் விழுந்தது. விருந்தோம்பல் என்று புகழ்கிறவர்கள் இந்த உழைப்பைக் கணக்கில் எழுதுவதில்லை. மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் மாடியில் அறை கட்டி வெளிநாட்டாருக்கு விட்ட குடும்பங்களிடம் கேட்டால் இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

பிறகு நடந்தது யாரும் ஊகிக்கக்கூடியது. மூன்று அறை ஆறாயிற்று, பன்றி போயிற்று, தென்னை போயிற்று. விசிறி, வெந்நீர், ஏசி. ஏமாந்தவரின் கடலோரத் துண்டுக்கு ஜகார்த்தாவிலிருந்து விலை கேட்டு ஆள் வந்தது. சில குடும்பங்கள் வளவையே வாடகைக்கு விட்டுவிட்டு உள்ளே தள்ளிப் போய்க் குடியேறின. உள்ளூர்க்காரரோடு வாழ வந்தவருக்கு எதிரே இப்போது இன்னொரு ஆஸ்திரேலியர் உட்கார்ந்திருந்தார். 1960களின் கடைசியில் ஆண்டுக்கு 30,000 பேர்கூட வராத தீவுக்கு 1990களில் பத்து லட்சத்தைத் தாண்டி வந்தார்கள். 2019ல் 60 லட்சத்துக்கும் மேல். 2002 அக்டோபர் 12ந் தேதி இரவு குட்டாவின் கேளிக்கை விடுதிகளில் குண்டு வெடித்து 202 பேர் இறந்தபோது, அந்தத் தெரு அரை நூற்றாண்டுக்கு முன் மாடு மேய்ந்த இடம் என்பதை நம்புவது கடினமாக இருந்தது.

அதே 2002ல், குட்டாவில் தற்செயலாக நடந்ததைத் தெரிந்தே செய்து பார்க்க நான்கு கிராமங்கள் சேர்ந்தன. ஜெட் என்று சுருக்கப் பெயர். கிராமச் சூழல் சுற்றுலா வலையம் என்று சொல்லலாம். பெலாகாவின் காப்பித் தோட்டம், சிபெத்தானின் சலாக் பழத் தோப்பு, தெங்கானான் என்ற பழங்குடி நெசவூர், நான்காவதாக நூசா செனிங்கான் என்ற குட்டித் தீவு. விருந்தாளியை எங்கே வைப்பது, என்ன காட்டுவது என்பதை ஊரே முடிவு செய்யும். அரசும் இப்போது சுற்றுலாக் கிராமங்கள் என்று பெயர் சூட்டி இதையே ஊக்குவிக்கிறது. 2016ல் ஏர்பிஎன்பி நிறுவனம், ஊருக்குப் போகாதீர்கள், அங்கே வாழுங்கள் என்ற பொருளில் உலகம் முழுக்க விளம்பரம் செய்தது. கொல்லை அறைக்காரர்களுக்கு அதில் பங்கு எதுவும் போகவில்லை.

செனிங்கானில் பயணிக்குக் காட்டியது கடற்பாசி விவசாயம். ஆழமில்லாத கடலில் முளை அடித்து, கயிறு கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்துவிட்டால் ஒன்றரை மாதத்துக்குள் அறுக்கலாம். சுற்றுலா வளர வளர அங்கேயும் பிள்ளைகள் படகோட்டவும் அறை துடைக்கவும் போனார்கள், கயிறுகள் வெறுமையாயின. 2020ல் கொரோனா வந்து விமானங்கள் நின்றன. அடுத்த ஆண்டு முழுவதிலும் பாலியில் நேரே வந்து இறங்கிய வெளிநாட்டுப் பயணிகள் சில பத்துப் பேர்தான். படகோட்டிகள் மறுபடியும் முளை அடித்தார்கள். பயணிகள் திரும்பிய பிறகும் அவர்களில் சிலர் கயிற்றை விடவில்லை. அந்த வேலையைப் பார்க்க ஆசைப்படுகிறவர் முதலில் வீட்டுக்காரரிடம் மறுநாள் கடல் எத்தனை மணிக்கு வற்றும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பாசி வேலை கடல் வற்றும்போதுதான் நடக்கும், அந்த நேரம் தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகும், காலைக் கஞ்சியும் கூடவே தள்ளிப் போகும்.